காலை ஏழு மணி மருந்து பதினொரு மணி வரைதான்

கேள்வி: கோவையிலிருந்து தெற்குக் கலிபோர்னியாவுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. மகள் இரண்டாம் வகுப்பு. அவள் வகுப்பில் ஒருவருக்குக் கொரோனா என்று பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. யாருக்கு என்று கேட்டால் சொல்ல மறுக்கிறார்கள், வகுப்பையும் மூடவில்லை. இன்று காலை மகளுக்கு மூக்கு ஒழுகுகிறது. விடுப்பு அதிகம் என்று ஏற்கெனவே இரண்டு கடிதங்கள் வந்துவிட்டன. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாருக்கு 72 வயது, சர்க்கரை நோயும் உண்டு. மகளை அனுப்பலாமா, நிறுத்த வேண்டுமா?

பதில்: இன்று நிறுத்துங்கள். வீட்டிலேயே துரிதப் பரிசோதனை செய்யுங்கள். தொற்று இல்லை என்று வந்தால் உடனே நிம்மதி அடைந்துவிடாமல் 48 மணி நேரம் கழித்து இன்னொரு முறை செய்யுங்கள். முதல் நாளில் கிருமியின் அளவு குறைவாக இருந்தால் அட்டையில் இரண்டாவது கோடு விழாமல் போகலாம். தொற்று உறுதியானால் காய்ச்சல் மருந்து இல்லாமலேயே 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்து, மற்ற தொல்லைகளும் தணிந்து வந்த பிறகு அனுப்பலாம். அதன்பின் சில நாள் முகக்கவசம் போடட்டும். எத்தனை நாள் என்பது உங்கள் பள்ளியின் விதியைப் பொறுத்தது.

‘மருந்து இல்லாமலேயே’ என்ற சொல்லில்தான் நம் வீடுகள் வழுக்கி விழுகின்றன. என் மருத்துவமனைக்கு ஒரு தாய் மதிய நேரத்தில் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். “காலையில் 99தான் டாக்டர், பள்ளிக்குப் போனதும் எப்படி 102 ஆகும்?” என்றார். ஏழு மணிக்கு டைலனால் கொடுத்தீர்களா என்று கேட்டேன். சற்று நேரம் அவர் வாய் திறக்கவில்லை. டைலனால் என்பது நம் ஊர் பாராசிட்டமால்தான். அது நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வேலை செய்யும். ஏழு மணிக்குக் கொடுத்தால் பதினொரு மணிவாக்கில் காய்ச்சல் மறுபடி தலைகாட்டும். பள்ளிச் செவிலியருக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. பதினொரு மணிக்கு அவர் அறைக்கு வரும் குழந்தையைப் பார்த்ததுமே காலையில் வீட்டில் என்ன நடந்தது என்று புரிந்துகொள்வார். அதற்குள் அந்தப் பையன் சில மணி நேரம் வகுப்புத் தோழர்களோடு கம்பளத்தில் உட்கார்ந்து கதை கேட்டிருப்பான். புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் பழக்கமும் போதாது. தெர்மாமீட்டர் 100.4 ஃபாரன்ஹீட் காட்டினால் அது காய்ச்சல்.

அடுத்து, யாருக்கு என்று சொல்லாதது பற்றி. சொன்னால் பள்ளி சட்டத்தை மீறியதாகிவிடும். மாணவர் பதிவேடுகளின் ரகசியத்தைக் காக்க 1974-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இருக்கிறது. உங்கள் மகளுக்குத் தொற்று வந்தாலும் அதே சட்டம்தான் அவள் பெயரை வாட்ஸ்அப் குழுவிலிருந்து காப்பாற்றும். ஆகவே பள்ளியிடம் பெயர் கேட்காதீர்கள். எந்தத் தேதியில் வகுப்பில் தொடர்பு ஏற்பட்டது என்று கேளுங்கள். உங்களுக்குத் தேவையானது அதுதான்.

வகுப்பை ஏன் மூடவில்லை என்பதற்குப் பதில் சொல்லும் முன், ‘பள்ளி மாவட்டம்’ என்ற சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இங்கே அதற்குக் கலெக்டர் கிடையாது. ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒரு வாரியமும், அது நியமித்த கண்காணிப்பாளரும்தான் பள்ளி மாவட்டத்தை நடத்துகிறார்கள். சில மாவட்டங்களில் இரண்டே பள்ளிகள் இருக்கும். நோய் பற்றிய உத்தரவு பெரும்பாலும் கவுண்டி (மாநிலத்தின் உட்பிரிவு, நம் ஊர் மாவட்டம் போன்றது) சுகாதாரத் துறையிலிருந்து வரும். பள்ளி அதை நிறைவேற்றும். லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டிக்குள்ளேயே லாங் பீச்சுக்கும் பாசடேனாவுக்கும் தனித்தனிச் சுகாதாரத் துறைகள் உண்டு. தெரு தாண்டினால் விதி மாறலாம் என்பது இங்கே வேடிக்கைப் பேச்சு அல்ல. பக்கத்து ஊர்த் தோழி சொன்ன விதி உங்கள் மகளின் பள்ளிக்குப் பொருந்தாமல் போகலாம்.

அமெரிக்காவின் இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டமான லாஸ் ஏஞ்சலிஸ் 2020 மார்ச் 13 அன்று மூடல் அறிவித்தது. வகுப்பறைகள் மறுபடி திறக்கத் தொடங்கியது 2021 ஏப்ரலில். அந்த இலையுதிர் காலத்தில் தடுப்பூசி போட்டவர், போடாதவர் என்று பாராமல் ஒவ்வொரு மாணவரையும் ஊழியரையும் வாரம் ஒரு முறை பரிசோதித்தார்கள். வகுப்பில் ஒருவருக்கு வந்தால் அருகில் இருந்தவர்கள் வீட்டில் தனிமையில் இருக்க வேண்டும் என்பது அப்போது நாடு முழுவதற்குமான பரிந்துரை. 2022 ஆகஸ்டில் நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்தப் பரிந்துரையைக் கைவிட்டது. தொற்று உறுதியானவர்களுக்கான ஐந்து நாள் கட்டாயத் தனிமையைக் கலிபோர்னியா 2024 ஜனவரியில் கைவிட்டது, மார்ச்சில் மையமும் அதே வழிக்கு வந்தது. மக்களிடம் தடுப்பூசியாலும் முந்தைய தொற்றாலும் எதிர்ப்பாற்றல் சேர்ந்திருந்தது. மறுபக்கம் குழந்தைகள் வகுப்பை இழந்ததன் விலையும் கண்ணுக்குத் தெரிந்தது. எனவே உங்கள் பள்ளி அலட்சியமாக இருப்பதாக நான் நினைக்கவில்லை.

என் ஆதங்கம் வேறு. அந்த நாட்களில் மேசையைத் துடைப்பதில் காட்டிய வேகத்தைப் பல பள்ளிகள் வகுப்பறைக் காற்றைச் சுத்தப்படுத்துவதில் காட்டவில்லை. தொட்ட பொருளால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று மையம் 2021 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. பெற்றோர் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைத்தால் இதைக் கேளுங்கள்: “வகுப்பறைக் காற்றுச் சாதனத்தில் மெர்வ் 13 வடிகட்டி இருக்கிறதா, கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?” (மெர்வ் என்பது வடிகட்டியின் திறனைக் குறிக்கும் அளவு; எண் கூடக் கூட நுண்ணிய துகள்களையும் பிடிக்கும்.) வாந்தி பேதி பரவும் பருவத்தில் மட்டும் கை கழுவுவதுதான் முதல் வேலை. அதைப் பரப்பும் நோரோவைரஸ் சானிடைசருக்கு அவ்வளவாக மசியாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும்.

விடுப்புக் கடிதங்களுக்குப் பயப்படாதீர்கள், ஆனால் குப்பையிலும் போடாதீர்கள். கலிபோர்னியாவில் அரசு நிதி, பெயர்ப் பட்டியலில் எத்தனை பேர் என்பதைப் பார்க்காமல் தினசரி சராசரி வருகையைப் பார்த்து வருகிறது. காய்ச்சலால் வராத நாளுக்கும் பள்ளிக்கு நிதி இழப்புதான். தவிர, பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கு வராவிட்டால், அதாவது 180 நாளில் 18 நாள், நோய் விடுப்பும் சேர்த்தே எண்ணி ‘நீடித்த வராமை’ என்று குறிப்பார்கள். காரணம் சொல்லாத விடுப்பு அதைவிட ஆபத்து. மூன்று முழு நாள் சேர்ந்தாலே சட்டப்படி ‘பள்ளிக்கு மட்டம் போடுபவர்’ ஆகிவிடுவாள். ஒவ்வொரு நாளும் காலையிலேயே வருகைப் பிரிவுக்கு அழைத்து ‘உடல்நலமின்மை’ என்று பதிவு செய்யுங்கள். மின்னஞ்சலும் ஒன்று தட்டிவிடுங்கள். நாட்கள் நீண்டால் மருத்துவர் கடிதம் வாங்குங்கள். காய்ச்சல் போய் இருமல் மட்டும் இரண்டு வாரம் இழுத்தால் அதற்காக வீட்டில் வைக்க வேண்டியதில்லை.

பையில் மருந்து வைத்து அனுப்பாதீர்கள். மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் செவிலியர் எதையும் கொடுக்க மாட்டார், ஃபிளாஸ்கில் போகும் கஷாயத்தையும் சேர்த்துத்தான். ஆவி பிடிக்க வைப்பதையும் விட்டுவிடுங்கள். வெந்நீர் கவிழ்ந்து சுட்டுக்கொண்ட குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

மாமியார் விஷயத்தில்தான் நீங்கள் வேகமாக இருக்க வேண்டும். முடிவு தெரியும்வரை மகள் பாட்டியோடு ஒரே அறையில் தூங்க வேண்டாம், ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். பாட்டிக்குத் தொண்டை கரகரத்தாலே பரிசோதியுங்கள். தொற்று உறுதியானால் அன்றே மருத்துவரை அழையுங்கள். கொரோனாவுக்கான பாக்ஸ்லோவிட் மாத்திரையை அறிகுறி தொடங்கி ஐந்து நாட்களுக்குள் ஆரம்பிக்க வேண்டும். சில கொழுப்பு மாத்திரைகளோடு அது ஒத்துப்போகாது, அவற்றை நிறுத்திவைக்க நேரிடலாம். ஊரில் வாங்கி வந்த மாத்திரைகளின் வணிகப் பெயர் இங்குள்ள மருந்தாளருக்குப் பெரும்பாலும் புரியாது. பட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் மருந்தின் வேதிப்பெயர் இருக்கும். இன்று மாலையே ஒவ்வொரு பட்டையையும் திருப்பி, அந்த எழுத்து தெளிவாகத் தெரியும்படி கைபேசியில் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.