நடுவில் விழுந்த புள்ளி

அன்புள்ள ஐயா,

சேலத்தில் பொறியியல் படிக்கிறேன். நம் பதில்களை வைத்து நம் அரசியலை ஒரு கட்டப்படத்தில் புள்ளியாகக் காட்டும் ‘பொலிட்டிக்கல் காம்பஸ்’ தேர்வை, விடுதியில் நாங்கள் ஏழு பேர் இணையத்தில் எழுதிப் பார்த்தோம். ஏழு பேருக்கும் புள்ளி இடதுபக்கக் கீழ்க்கட்டத்தில்தான் விழுந்தது. ஆனால் தேர்தலில் நாங்கள் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் இல்லை. ‘டெமாக்ரசி 4’ என்ற, அரசாங்கம் நடத்தும் கணினி விளையாட்டும் ஆடுகிறேன், இரண்டு முறை ஆட்சியை இழந்துவிட்டேன். இவற்றை வைத்து ஒருவருடைய அரசியலைத் தெரிந்துகொள்ள முடியுமா?

ஒரு மாணவன், சேலம்

அன்புள்ள தம்பி,

ஏழு பேரும் ஒரே மூலைக்குப் போனதற்குப் பாதிக் காரணம் கேள்விகள். மொத்தம் 62 கூற்றுகள். ஏற்பதற்கு இரண்டு படி, மறுப்பதற்கு இரண்டு படி, இடையில் நிற்க இடமில்லை. உலகமயம் பன்னாட்டு நிறுவனங்களைவிட மனிதர்களுக்கே முதலில் பயன்பட வேண்டும் என்கிறது ஒரு கூற்று. அதை மறுக்க யாருக்கு மனம் வரும்?

மீதிக் காரணம் அந்த இரண்டு கோடுகள்தான். கிடைக்கோடு பொருளாதாரம்: இடப்பக்கம் அரசின் கட்டுப்பாடு, வலப்பக்கம் தடையற்ற சந்தை. செங்குத்துக்கோடு அதிகாரமா சுதந்திரமா என்பது: மேலே அதிகாரம், கீழே சுதந்திரம். நம் ஊர் வரலாற்றை அதில் வைத்துப் பாருங்கள். சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்து நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, 1937-இல் மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தார். வணிகத்தில் அரசு கைவைக்கக் கூடாது என்று 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியதும் அவர்தான். 1967 தேர்தலில் அந்தக் கட்சியும் மார்க்சிஸ்ட் கட்சியும் அண்ணாவின் கூட்டணியில் சேர்ந்தே நின்றன. காம்பஸ்படி இரண்டும் எதிரெதிர் ஓரம். நீதிக்கட்சி திராவிடர் கழகமானது 1944 சேலம் மாநாட்டில். அவர்கள் பேசிய வகுப்புரிமையை, அதாவது படிப்பிலும் வேலையிலும் ஒவ்வொரு சமூகத்துக்கும் உரிய பங்கை, இந்த இரண்டு கோட்டில் எதில் வைப்பது?

அம்மாபேட்டையில் எனக்கு ஒரு நெசவாளர் நண்பர் உண்டு. அவர் வீட்டுத் திண்ணையில், நூல் வாங்கிய ரசீதின் பின்பக்கம் இரண்டு கோடு கிழித்து அவரைக் கேட்டேன். தறிக்குத் தரும் இலவச மின்சாரத்தை நிறுத்தவே கூடாது என்றார். கைத்தறிக்கு ஒதுக்கிய ரகத்தை விசைத்தறியில் ஓட்டினால் அரசு பிடித்தே ஆக வேண்டும் என்றார். அப்புறம் அதே வேகத்தில், நூலுக்கு வரியே கூடாது, நான் நெய்ததை யாருக்கு என்ன விலைக்கு விற்பது என்று நான்தான் முடிவு செய்வேன் என்றார். கூட்டிக் கழித்துப் புள்ளி வைத்தேன், நட்டநடுவில் விழுந்தது. ரசீதை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நடுவுலன்னா எனக்குக் கருத்தே இல்லைன்னு அர்த்தமாங்க?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான்கு விஷயத்தில் உறுதியாக நிற்கிறவரையும் எதிலும் அக்கறை இல்லாதவரையும் சராசரி ஒரே இடத்தில் உட்கார வைத்துவிடுகிறது. புள்ளியை மட்டும் பார்த்து இனி யாரையும் எடை போடாதீர்கள்.

உங்கள் விளையாட்டு இந்த விஷயத்தில் மேல். அதில் ஒரே வாக்காளர் பெற்றோராகவும் வண்டி ஓட்டுபவராகவும் சுயதொழில் செய்பவராகவும் இருக்கலாம். வரியைக் கூட்டினால் ஒரு குழு முறைக்கும், இன்னொன்று மகிழும், விளைவு சில சுற்றுகள் கழித்துத்தான் முழுதாகத் தெரியும். அரசாங்கம் நடப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் எது எதை எவ்வளவு பாதிக்கும் என்ற கணக்கு, அதைச் செய்தவர்களின் கருத்து. சாதி என்றொரு குழு அதில் கிடையாது. நீங்கள் இரண்டு முறை தோற்றது அவர்கள் வரைந்த நாட்டில்.

நல்லவேளையாக, அந்தக் கணக்குகள் சாதாரண அட்டவணைக் கோப்புகளாகவே இருக்கின்றன, திருத்த முடியும். பொறியியல் மாணவர்களுக்கு அது பெரிய வேலை இல்லை. நெசவாளர், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் தொழிலாளி என்று குழுக்களைச் சேர்த்துப் பாருங்கள். எண்ணைப் போடும் முன்னால் மலையேறிப் போய் அவர்களிடம் பேசிவிட்டு வாருங்கள்.

அதற்கும் முன்பு, ஏழு பேரும் தனித்தனியாக ஒரு தாளில் தங்களுக்கு முக்கியமான இரண்டு கோடுகளுக்குப் பெயர் எழுதுங்கள். நான் போடுவதாக இருந்தால் ஒன்று வகுப்புரிமை, மற்றொன்று மாநில உரிமை. உங்களுடையவற்றை எழுதி அனுப்புங்கள்.