நாய்க்குப் பெயர் வைத்தது யார்?

அன்புள்ள சார்,

என் மகளுக்கு எட்டு வயது. டின்டின் காமிக்ஸின் ஆங்கிலப் பதிப்பை இரவில் அவளுக்கு வாசித்துத் தமிழில் சொல்வேன். அதில் வரும் நாய் ஸ்னோயியின் உண்மையான பெயர் மிலூ என்று போன வாரம்தான் தெரிந்தது. துப்பறிவாளர்கள் தாம்சன், தாம்ப்சன் பெயர்களும் பொய்யாம். இத்தனை நாள் ஏமாந்திருக்கிறேன். பாத்திரத்தின் பெயரை மாற்றுவது மூல ஆசிரியருக்குச் செய்யும் துரோகம் இல்லையா? சட்டம் இதை அனுமதிக்கிறதா? மகளிடம் இனி எந்தப் பெயரைச் சொல்வது? எந்தப் பதிப்பை வாங்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சட்டத்தை விடுங்கள். உரிமை வாங்கி, ஒப்புதலோடுதான் அச்சிடுகிறார்கள். துரோகம் என்கிறீர்களே, அதுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. கொஞ்ச நாளாகவே இந்த 'ஒரிஜினல்' வியாதி பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். சரியாக வந்து மாட்டினீர்கள்.

டின்டினை எழுதி வரைந்த எர்ஜே பெல்ஜியத்துக்காரர். அந்த நாட்டிலேயே பிரெஞ்சு பேசுகிறவர்களும் இருக்கிறார்கள், டச்சு பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். 1946 செப்டம்பர் 26 அன்று டின்டின் வார இதழ் தொடங்கியபோது அதே நாளில் டச்சில் 'கய்ஃப்யே' என்ற பெயரில் அதன் இரட்டையும் வெளிவந்தது. நெற்றிமேல் நிற்கும் சின்ன முடிக்கற்றை என்று பொருள். பையனின் தலையைப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆசிரியரின் சொந்த நாட்டிலேயே கதாநாயகனுக்கு இரண்டு பெயர். எது துரோகம் என்று நீங்களே சொல்லுங்கள்.

மிலூ என்ற பெயரில் வெள்ளையும் இல்லை, பனியும் இல்லை. எர்ஜே இளமையில் பழகிய ஒரு பெண்ணின் செல்லப்பெயரிலிருந்து அது வந்ததாகச் சொல்வார்கள். பிரெஞ்சுக் குழந்தைக்கு அதெல்லாம் தெரியுமா என்ன? அதற்கு அது ஒரு நாய், கூப்பிட்டால் ஓடிவரும், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ஸ்னோயி, ஜெர்மனில் ஷ்ட்ரூப்பி, வங்காளியில் குட்டுஸ். குட்டுஸ் என்பதில் வெடுக்கென்று கடிக்கிற ஓசை இருக்கிறது. எனக்கு மிலூவைவிட அதுதான் பிடிக்கும். காமிக்ஸில் இடமும் ஒரு பிரச்சினை. வசன பலூன் பிரெஞ்சு வரிக்கு ஏற்ப வரைந்தது, மொழிபெயர்ப்பாளர் அதை இழுக்க முடியாது. ரோமன் எழுத்தில் மிலூவும் ஐந்து எழுத்து, ஸ்னோயியும் ஐந்து.

துப்பறியும் ஜோடியின் பெயர்களைப் பொய் என்று நீங்கள் சொன்னதற்குத்தான் எனக்குக் கோபம். பிரெஞ்சில் இருவர் பெயரும் டுப்போன். ரோமன் எழுத்தில் கடைசி எழுத்து ஒருவருக்கு 'd', மற்றவருக்கு 't', இரண்டுமே வாயில் வராது. காதுக்கு ஒன்று, கண்ணுக்கு இரண்டு. இந்த வேடிக்கையை ஆங்கிலம் நடுவில் ஒரு 'பி'யை வைத்துச் சமாளித்தது. ஜெர்மனில் ஷூல்ட்ஸே, அதிலும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஸ்பானியத்தில் எர்னாந்தெஸ், ஃபெர்னாந்தெஸ் என்று எதுகையாக்கிவிட்டார்கள். எல்லாமே அந்தந்த ஊரில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர்கள். மகளோடு அடுத்த முறை பார்க்கும்போது மீசையைக் கவனியுங்கள். ஒருவருக்கு நேராக இறங்கும், மற்றவருக்கு நுனி வெளிப்பக்கம் வளையும். எந்த மொழியிலும் அது மாறாது. பெயரை மாற்ற அந்த மீசைதான் தைரியம் கொடுக்கிறது.

சின்ன வயதில் காமிக்ஸ் நாயகன் மாயாவியைப் பற்றிச் சித்தப்பா மகனோடு எனக்குப் பெரிய சண்டை. எனக்கு மாயாவி என்றால் இரும்புக்கை. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோய் அந்தக் கை மட்டும் காற்றில் மிதக்கும். அவன் ராணி காமிக்ஸ் ஆள். அவனுக்கு மாயாவி என்றால் முகமூடி, மண்டையோட்டு மோதிரம், வெள்ளைக் குதிரை. "உன் மாயாவிகிட்ட குதிரை இருக்கா?" என்பான். "உன் மாயாவி மறைவானா?" என்பேன். ஆங்கிலத்தில் ஒருவர் ஸ்டீல் கிளா, மற்றவர் ஃபேன்டம், பெயரில் ஒட்டோ உறவோ கிடையாது. ஃபேன்டமே இன்னொரு பதிப்பில் வேதாளன், வங்காளியில் அரண்யதேவ். எங்களுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தால் சண்டையே வந்திருக்காது. நல்லவேளை தெரியவில்லை.

உண்மையான அநியாயம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. ஒரு பெயரோடு வளர்ந்த வாசகனிடமிருந்து அந்தப் பெயரைப் பிடுங்குவது. வியட்நாமில் 1992-இல் கிம் டோங் பதிப்பகம் ஜப்பானிய இயந்திரப் பூனை டோரேமோனின் காமிக்ஸைக் கொண்டுவந்தபோது அதில் வரும் சிறுமி ஷிஸுகா அங்கே சூகா ஆனாள். ஒரு தலைமுறையே சூகாவோடு வளர்ந்தது. 2010-இல் திருத்தப் பதிப்பு என்று ஜப்பானியப் பெயர்களைத் திரும்பப் போட்டார்கள். ஹாங்காங்கில் அதே பூனைக்கு டிங்டாங் என்று அழகான பெயர் இருந்தது, அதுவும் போயிற்று. 2016-இல் போக்கிமானில் வரும் பிக்காச்சூவின் பெயரைச் சீன மொழி முழுக்க ஒன்றாக்கினார்கள். மாண்டரினில் படித்தால் பிக்காச்சூ, அதே எழுத்துகளை ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸில் படித்தால் 'பெய்காயாவ்' மாதிரி என்னவோ வரும். ஹாங்காங்கில் ஆட்கள் ஜப்பான் துணைத் தூதரகத்தின் முன் போய் நின்று போராடினார்கள். சிரிக்காதீர்கள். நானாக இருந்தாலும் போயிருப்பேன். 'சரியான பெயர்' என்று அலுவலகத்தில் உட்கார்ந்து தீர்மானிக்கிறவருக்கு ஒரே பெயர் இருந்தால் பொம்மை விற்கச் சுலபம். அதற்கு ஒரிஜினலுக்கு மரியாதை என்று சாயம் பூசுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மூல ஆசிரியர், மூல ஆசிரியர் என்கிறீர்களே, பிரெஞ்சுக் காமிக்ஸான ஆஸ்டெரிக்ஸ் கதையில் ஒபெலிக்ஸின் குட்டி நாய் முதலில் வந்தபோது அதற்குப் பெயரே இல்லை. அந்தக் கதை வந்த 'பிலோத்' இதழ் போட்டி வைத்தது, வாசகர்கள் அனுப்பியதிலிருந்து கிடைத்ததுதான் இதேஃபிக்ஸ், விடாப்பிடியான எண்ணம் என்ற பொருளில். மூலத்திலேயே பெயர் வாசகர் கொடுத்தது. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஆன்தியா பெல்லும் டெரக் ஹாக்ரிட்ஜும் அதை டாக்மாடிக்ஸ் ஆக்கினார்கள். பிடிவாதமும் இருக்கிறது, நாயும் இருக்கிறது. மூலத்தில் நாய் கிடையாது.

உங்கள் கேள்வி? எந்தப் பதிப்பு வேண்டுமானாலும் வாங்குங்கள், நடுவில் மாற்றாதீர்கள். மிலூ என்று ஒருமுறை சொல்லிவையுங்கள், அவளுக்குப் பிடித்தால் பிடிக்கட்டும். தினமும் இரவில் உட்கார்ந்து தமிழில் சொல்கிறீர்களே, அதற்கு என் அன்பு. அப்படியிருந்தும் எட்டு வயதுப் பெண்ணிடம் அந்த நாய்க்கு என்ன பெயர் வைக்கலாம் என்று நீங்கள் இதுவரை கேட்கவே இல்லை என்று நினைக்கிறேன். கேட்டுவிட்டு எழுதுங்கள்.