உயரமாகவா, தாழ்வாகவா?

கே: அமெரிக்காவின் முதல் தொழில்முறை பேஸ்பால் சீசனில் (1871) லெவி மேயர்லி எடுத்த 0.492 சராசரியை இன்றுவரை யாரும் தாண்டவில்லையாமே! காலத்தால் அழியாத சாதனை என்றால் இதுதானே?
– ஒரு வாசகர், தேனி

ப: அழிவது இருக்கட்டும், அது ஏட்டில் ஏறியதா என்று முதலில் பாருங்கள். மேயர்லி ஆடிய நேஷனல் அசோசியேஷனை மேஜர் லீகாகவே (உச்சநிலைப் போட்டியாகவே) அமெரிக்க பேஸ்பால் நிர்வாகம் ஒப்புக்கொள்வதில்லை. 1876-இல் தொடங்கிய நேஷனல் லீகிலிருந்துதான் அவர்கள் கணக்கு.

பிலடெல்ஃபியா அத்லெடிக்ஸுக்காக மேயர்லி அந்த சீசனில் ஆடியது 26 ஆட்டம். 130 வாய்ப்பில் 64 ஹிட், அதாவது அடித்துவிட்டு அவுட்டாகாமல் பேஸை எட்டியது. 64-ஐ 130-ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த 0.492. ஹோம் ரன் (ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி வருவது) பட்டியலின் தலையிலும் அவர் பெயர் உண்டு: நான்கு! சிரிக்காதீர்கள், அந்தக் காலத்துக்கு அது ஜாஸ்தி.

ஆட்டமும் வேறு மாதிரி. பந்து வீசுபவர் 45 அடியில் நின்று, கையை இடுப்புக்குக் கீழேயே வைத்து வீச வேண்டும். ஃபீல்டர்களுக்கு வெறுங்கைதான். இதெல்லாம் போதாதென்று, பந்து உயரமாக வேண்டுமா, தாழ்வாக வேண்டுமா என்று மட்டைக்காரரே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாரிடம் “சாம்பாரா, வத்தக்குழம்பா?” என்று குனிந்து கேட்பார்களே, அந்த உபசாரம். கேட்டது வரவில்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அம்பயர் வீசியவரைத்தான் கண்டிப்பார். மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் எத்தனை அப்பளம் சாப்பிட்டார்கள் என்பதை யாராவது உலக சாதனை ஏட்டில் எழுதுவார்களா? 1887-இல்தான் இந்த உபசாரத்தை நிறுத்தினார்கள். நிறுத்திய கையோடு, அந்த ஒரு வருடம் மட்டும், ஐந்து தப்பான பந்தை அடிக்காமல் விட்டுவிட்டு முதல் பேஸுக்குச் சும்மா நடந்து போனாலும் ஹிட் என்று எழுதினார்கள்! கைராசிக்கார கமிட்டி.

அந்தக் காலத்து இன்னொரு மட்டைக்காரர் ராஸ் பார்ன்ஸ் கதை இன்னும் சுவை. எல்லைக்கோட்டுக்குள் ஒரு குத்து விழுந்துவிட்டு வெளியே ஓடும் பந்தும் அப்போது செல்லும். அந்த வித்தையில் மனிதர் மன்னர். 1876-இல் சிகாகோவுக்காக 0.429. மறுவருடம் விதியை மாற்றினார்கள், நோயும் படுத்தியது, 0.272.

சரி, ஏட்டில் ஏறியதாவது நிற்குமா? 1894-இல் ஹ்யூ டஃபி எடுத்த 0.440 நூறு வருடத்துக்கு மேல் உச்சியில் இருந்தது. 2024-இல், கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக நடந்த நீக்ரோ லீக் கணக்குகளையும் சேர்த்தார்கள். 1943-இல் ஜோஷ் கிப்சன் எடுத்த 0.466 மேலே வந்துவிட்டது. கறுப்பர் என்பதாலேயே மேஜர் லீகுக்குள் விடப்படாத மனிதர், செத்து எழுபத்தேழு வருடம் கழித்து முதலிடம். எனக்கு இதில் பரம சந்தோஷம்.

சராசரி என்றதும் எங்கள் விளையாட்டுப் பக்கக்காரர் ஞாபகம் வருகிறார். கிரிக்கெட்டில் நாட் அவுட்டாக நின்றே சராசரியை ஏற்றிக்கொண்டவர்களையெல்லாம் வீரர் பட்டியலில் உச்சியில் வைப்பது அவர் வழக்கம். நான் ஆட்சேபித்தால் பிராட்மேனின் 99.94-ஐக் காட்டி மிரட்டுவார். போன வாரம் நான் ஆண்டி காந்தோமைக் காட்டினேன். வெஸ்ட் இண்டீஸ்காரர். 1948-இல் ஒரே டெஸ்ட், ஒரே இன்னிங்ஸ், 112 ரன். சராசரி 112! பிராட்மேனைவிட மேல். அப்புறம் அவரைச் சேர்க்கவே இல்லை. “ஒரு இன்னிங்ஸெல்லாம் கணக்கா சார்?” என்று பக்கக்காரர் கொதித்தார். தேனிக்காரரே, அவரை உங்களிடம் அனுப்பட்டுமா?