பழுப்பு நிற ஆறு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் சுற்றுச்சூழல் படிக்கும் மாணவன். மலை ஆறுகள் சில இடங்களில் தேநீர் நிறத்தில் ஓடுவதற்கு, மேலே உள்ள பீட் (முழுசாக மட்காத செடிகளின் படிவு) சதுப்புகளிலிருந்து கரைந்து வரும் கார்பன்தான் காரணம் என்று படித்தேன். அது கடைசியில் கடலுக்குப் போகிறதா, காற்றுக்கா? வெள்ளச் சமவெளிகள் அதைப் பிடித்து வைக்குமா? ஈரச் சதுப்பு, புவியைச் சூடாக்கும் மீத்தேனை வெளியிடுவதால், சும்மா கிடக்கும் இந்த நிலங்களை வடியவைத்து மரம் நடுவதே மேல் என்கிறார்கள் எங்கள் குழுவில். உங்கள் எண்ணம்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஒரு இரும்புத் தூணைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்கு வருகிறேன்.

முதல் கேள்விக்கு விடை, இரண்டுக்கும்தான். நிலத்துக் கார்பனை ஆறு அப்படியே கடலில் கொண்டு சேர்க்கிறது என்றுதான் ரொம்ப காலம் கணக்குப் போட்டார்கள். 2007-ல் ஜொனாதன் கோல் என்ற சூழலியலாளர் முதலானோர் அதைத் திருத்தினார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 190 கோடி டன் கார்பன் நீரில் இறங்குகிறது, கடலைத் தொடுவது அதில் பாதிகூட இல்லை. மீதி வழியில் வண்டலோடு புதைகிறது, இல்லையென்றால் காற்றில் கலக்கிறது. வெள்ளச் சமவெளி பிடித்து வைக்கும், ஆற்றைக் கரை கட்டி அடைக்காமல் பரவ விட்டால். மீத்தேன் காற்றில் பன்னிரண்டு ஆண்டு போலத்தான் தங்கும், அதைக் காட்டி சதுப்பை அழிக்க வேண்டாம். சரி, இவற்றை இத்தோடு விடுவோம்.

எனக்குக் கோபம் வந்தது அந்தக் கடைசி யோசனையில். சும்மா கிடக்கிறதா? உலக நிலப்பரப்பில் பீட் 3 சதவீதம்தான், ஆனால் உலகத்துக் காடுகளின் மரங்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கார்பன் அதில் இருக்கிறது. அந்தச் சதுப்பில் வளரும் ஸ்பாக்னம் பாசியை ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள், முழங்கை வரை நீர் வழியும். தன் உலர் எடையைப் போல் பதினைந்து, இருபது மடங்கு நீரைத் தாங்குகிற செடி அது. அந்த நீர் நிற்கும்வரை உள்ளே ஆக்சிஜன் போகாது, செத்த பாசி முழுசாக மட்காது, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் பீட் ஏறிக்கொண்டே வரும். கால்வாய் வெட்டி நீரை இறக்கினால் அன்றைக்கே மட்கத் தொடங்கிவிடும்.

அந்தத் தூண் இங்கிலாந்தில், ஹோம் ஃபென் என்ற இடத்தில் இருக்கிறது. சுற்றியுள்ள சதுப்பை வடிக்கத் தொடங்கிய 1850 வாக்கில், தலை தரைமட்டத்தில் இருக்கும்படி அதைப் புதைத்தார்கள். இன்று அது தரைக்கு மேல் நாலு மீட்டர் நிற்கிறது, அவ்வளவு தூரம் நிலம் இறங்கியிருக்கிறது. நீர் போனதால் சுருங்கியது ஒரு பங்கு, மட்கிக் காற்றோடு போனது இன்னொரு பங்கு.

மரம் நட்டால் ஈடாகும் என்பீர்கள். ஸ்காட்லாந்தின் ஃப்ளோ கன்ட்ரியில் அதைத்தான் செய்தார்கள். 1980-களில் வரிச்சலுகைக்காகப் பணக்காரர்கள் முதலீடு செய்ய, சதுப்பை உழுது, வடிகால் வெட்டி, ஊசியிலை மரங்களை வரிசையாக நட்டார்கள். 1988-ல் சலுகை நின்றது. இப்போது அதே மரங்களை வெட்டி, அதே வடிகால்களை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள், 2024-ல் யுனெஸ்கோ அந்தச் சதுப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அறிவித்துவிட்டது. மரம் எடுத்துக்கொள்வது இன்றைய காற்றின் கார்பனை, அதுவும் சில பத்தாண்டுகளுக்கு. வடிகாலில் போவதோ ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்தது. இந்தோனேசியாவின் கலிமந்தானில், கார்பனின் வயதைச் சொல்லும் ரேடியோகார்பன் முறையை வைத்துப் பார்த்தார்கள். காடு குலையாத பீட்டிலிருந்து வரும் நீரில் கரைந்திருந்தது அண்மைக்காலக் கார்பன், காட்டை அழித்து வடித்த இடத்தில் நூற்றாண்டுகள், ஆயிரமாண்டுகள் பழையது. நிறம் இரண்டிலும் பழுப்புதான் தம்பி, பார்த்தால் தெரியாது. அதனால்தான் ஆற்றோரம் நின்று கவலைப்படுவதைவிட மேலே ஏறிப் பாருங்கள் என்கிறேன்.

உங்கள் குழுவில் இருப்பவர்கள் நல்ல பிள்ளைகள், சந்தேகமே இல்லை. கன்று வைக்குமுன் அந்த நிலத்தில் துளையிட்ட குழாய் ஒன்றை இறக்கி, ஒரு வருடம் நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். மேற்பரப்பிலிருந்து பத்து சென்டிமீட்டருக்குள் நீர் நின்றால் அங்கே ஒரு கன்றும் வேண்டாம். அதைவிடக் கீழே போயிருந்தால் பழைய வடிகால் எங்காவது இருக்கலாம். தேடிப் பிடித்து, அங்குள்ள பீட்டை வைத்தே அடையுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.