பழைய காருக்குப் புதிய ஹெடர்: பணம் கொடுக்கும் முன்

கேள்வி: என்னிடம் 1960களில் வந்த வி-8 எஞ்சின் கார் இருக்கிறது. கார்புரெட்டர், எஞ்சினின் புகையை வெளியே கொண்டுபோகும் வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் எல்லாம் பழையபடியே இருக்கின்றன. மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் ஹெடர் என்ற நீளக் குழாய்த் தொகுதியைப் போட்டால் இழுவை கூடும் என்கிறார்கள். இரண்டு செட் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கறுப்புப் பெயின்ட் அடித்தது, மலிவு, ‘எல்லா மாடலுக்கும் பொருந்தும்’ என்று எழுதியிருக்கிறது. மற்றது செராமிக் பூச்சுள்ளது, விலை இரு மடங்குக்கும் மேல். எதை வாங்கலாம்?

பதில்: இந்த இரண்டில்தான் ஒன்று என்றால் செராமிக் பூச்சுள்ளது, அதுவும் உங்கள் மாடலுக்கென்றே செய்ததாக இருந்தால். ‘எல்லா மாடலுக்கும்’ என்ற வாசகத்தைப் பார்த்ததுமே மற்றதை ஒதுக்கிவிடலாம். ஒரே எஞ்சின்தான் என்றாலும் மாடலுக்கு மாடல் ஸ்டீயரிங் தண்டும் கிளட்ச் இணைப்பும் இருக்கும் இடம் வேறு. அப்படிப்பட்ட குழாயைக் கடைசியில் மெக்கானிக் சுத்தியலால் நசுக்கித்தான் உள்ளே விடுவார்.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய் உண்டு. எல்லாம் கலெக்டர் என்ற ஒரே பெரிய குழாயில் வந்து சேரும். ஒரு சிலிண்டரின் புகை விரைந்து கடக்கும்போது அதன் பின்னே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்துக்கொள்கிறது. இதன் பலன் நன்றாகத் தெரிவது எஞ்சின் வேகமாகச் சுழலும்போதுதான். பின்னால் அதே ஒடுங்கிய சைலன்சர் இருக்க, நிதானமாக ஓட்டுகிறவருக்குச் சத்தம் மாறும்; இழுவை அவ்வளவாக மாறாது. பெரிய குழாயாக வாங்கினால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். மாற்றம் செய்யாத எஞ்சினுக்கு மிகப் பெரிய குழாய் போட்டால் புகையின் வேகம் தளர்ந்து, குறைந்த சுழற்சியில் இருந்த இழுவையும் போய்விடும்.

அப்படியும் வேண்டும் என்றால், பளபளப்பை விட்டுவிட்டு ஃபிளாஞ்சை, அதாவது ஹெடரை எஞ்சினோடு போல்ட் போட்டு இணைக்கும் தகட்டைப் பாருங்கள். 6 மி.மீ. தகடு சூட்டில் எளிதில் வளையும். 3/8 அங்குலம், அதாவது சுமார் 9.5 மி.மீ. இருப்பதைக் கேளுங்கள். குழாயில் 16 கேஜ் என்றால் சுமார் 1.6 மி.மீ., 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மி.மீ. எண் கூடக்கூடத் தகடு மெலியும், எண் பெரிதாக இருக்கிறதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். ஃபிளாஞ்ச் துளைக்குள் விரலை விட்டுச் சுற்றித் தடவிப் பாருங்கள். வெல்டிங் முண்டும் முடிச்சுமாக உள்ளே துருத்திக்கொண்டிருந்தால், புகை வெளியேறும் இடத்திலேயே தடை வைத்து விற்கிறார்கள் என்று பொருள்.

மாட்டும் செலவைத்தான் பலரும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். கேஸ்கெட் (இணைப்பில் புகை கசியாமல் இடையில் வைக்கும் தகடு), போல்ட், கலெக்டரோடு சேர்க்கப் பழைய குழாயை வெட்டி வெல்டிங் செய்வது, ஸ்பார்க் பிளக் ஒயர்களுக்குச் சூடு தாங்கும் உறை, ஸ்டார்ட்டருக்கு வெப்பத் தடுப்பு என்று வரிசையாக வரும். உங்கள் காரின் தானியங்கி சோக் (குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகக் காற்றைக் குறைப்பது) மேனிஃபோல்டின் சூட்டில் வேலைசெய்கிற வகை என்றால், மேனிஃபோல்ட் போனதும் அதுவும் நின்றுவிடும். மின்சார சோக் மாற்ற வேண்டியிருக்கும். பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கார்புரெட்டர் ஜெட்டையும் சரிபார்க்க வேண்டும். இவற்றைவிடப் பெரிய வம்பு துருப்பிடித்த பழைய போல்ட். கழற்றும்போது அது சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே முறிந்தால் அரை நாள் வேலை இரண்டு நாளாகும். முறிந்தால் யார் செலவு என்பதைக் கூலி பேசும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

கழற்றிய மேனிஃபோல்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். வார்ப்பு எண்ணோடு கூடிய அசல் பாகம் கையில் இருந்தால், காரை விற்கும் நாளில் அதற்கும் விலை உண்டு.

கேள்வி: ஹெடர் போட்டுச் சில வாரங்களே ஆகின்றன. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு பக்கம் டிக் டிக் என்ற சத்தம், சூடானதும் அடங்கிவிடுகிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்னால் படபடவென்று வெடிக்கிறது. மாட்டியதில்தான் தவறு, பொருளை மாற்றித் தர முடியாது என்கிறார் விற்றவர்.

பதில்: புகை கசிகிறது. காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும், முதலாவதற்குச் செலவே இல்லை. புதிய ஹெடரின் போல்ட்டுகள் சூடாகி ஆறும்போது தளரும். முதல் ஓட்டத்துக்குப் பிறகு, எஞ்சின் முழுதாக ஆறியதும் மீண்டும் முடுக்க வேண்டும். இதைச் செய்தார்களா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

இரண்டாவது காரணம் வளைந்த ஃபிளாஞ்ச். முடுக்கியும் சத்தம் நிற்காவிட்டால் ஹெடரைக் கழற்றச் சொல்லி, ஃபிளாஞ்சின் மேல் நேரான எஃகு அளவுகோலைக் குறுக்கே வையுங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகி, அளவு தெரியும்படி படம் எடுங்கள். கேஸ்கெட்டில் கரி படிந்த இடத்தையும் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து எழுத்தில் அனுப்புங்கள். வளைந்த ஃபிளாஞ்சின் படம் கையில் இருக்கும்போது ‘மாட்டியதில் தவறு’ என்று தட்டிக்கழிப்பது கடினம். அதற்குள் அந்த ஃபிளாஞ்சை ராவியோ தட்டியோ நீங்களே சரிசெய்துவிடாதீர்கள். பிறகு உத்தரவாதம் கேட்க வாயில்லை.

கேள்வி: ஹெடர் மேல் வெப்பத் துணி சுற்றலாமா?

பதில்: சாதாரண எஃகுக் குழாய் என்றால் வேண்டாம். துணி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், துணிக்குள்ளேயே குழாய் துருப்பிடிக்கும். துணி சுற்றினால் உத்தரவாதம் செல்லாது என்று பல தயாரிப்பாளர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். செராமிக் பூச்சு வாங்குகிறவர்கள் அதே தாளில் இன்னொரு வரியையும் தேடுங்கள்: புதிதாகப் பிரித்துக் கோத்த எஞ்சினை முதன்முதலில் ஓட்டிப் பழக்கும்போது ஏற்படும் பூச்சுச் சேதத்துக்குப் பெரும்பாலும் பொறுப்பேற்பதில்லை. அந்த ஓட்டத்துக்குப் பழைய மேனிஃபோல்டையே மாட்டிக்கொள்ளுங்கள்.