நாவல் முடிந்தது, தலைப்புதான் அமையவில்லை

கேள்வி: பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். வேலூர்ப் பக்கத்திலிருந்து இங்குள்ள பின்னி துணி மில் வேலைக்கு வந்த தாத்தாவில் தொடங்கி மூன்று தலைமுறைக் கதையை நாவலாக எழுதி முடித்துவிட்டேன். தாத்தா கடைசிவரை மில் சங்கை வைத்தே நேரம் சொல்லும் மனுஷன். 'வேர்கள்', 'ஒரு தலைமுறையின் கண்ணீர்', 'லாஸ்ட் ஷிப்ட்' என்று மூன்று தலைப்பு வைத்திருக்கிறேன். முதல் தலைப்பில் ஏற்கெனவே புத்தகம் இருக்கிறது என்கிறார்கள். சட்டச் சிக்கல் வருமா? எதை வைக்கலாம்?

பதில்: சட்டத்தை முதலில் முடித்துவிடலாம், அதில் பயப்பட அதிகமில்லை. வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது. ஒரு இந்திப் படத் தலைப்பு வழக்கில் 2015ல் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது. ஆனால் ஊருக்கே தெரிந்த ஒரு நாவலின் பெயரை வைத்து, வாசகர் இதை அதுவென்று நினைத்து வாங்கும்படி செய்தால் வேறு வழியில் வழக்கு வரலாம். உங்கள் விஷயம் அதுவல்ல.

'வேர்கள்' வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணமே வேறு. இணையத்தில் அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள்: மூலிகை, முடி உதிர்தல், கவிதைத் தொகுப்பு எல்லாம் வரும், உங்கள் நாவல் எங்கே இருக்கிறதென்று உங்களுக்கே தெரியாது. புலம்பெயர்ந்த குடும்பம் என்றாலே வேர், விழுது, கூடு என்று போவதும் சலித்துப்போன பாதை. 'கண்ணீர்' இன்னும் மோசம், முதல் பக்கத்தைத் திறக்கும் முன்பே அழச் சொல்கிறது, அதுவும் கதையில் மூன்று தலைமுறை இருக்கும்போது தலைப்பில் ஒன்றுதான். 'லாஸ்ட் ஷிப்ட்' யூடியூப் குறும்படம் மாதிரி இருக்கிறது. ஆங்கிலம் என்பதற்காகச் சொல்லவில்லை, 'நைட் ஷிப்ட்' என்றால் உங்கள் தாத்தா வாயிலேயே வந்திருக்கும், 'லாஸ்ட் ஷிப்ட்' என்று அவர் சொல்லியிருப்பாரா?

தலைப்பை வெளியே தேடாதீர்கள். பிரதியை அச்செடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் ஆட்கள் திரும்பத் திரும்பச் சொல்கிற சொற்களை, வசவு, பட்டப்பெயர், இடப்பெயர் உட்பட, பென்சிலால் கோடிடுங்கள். உங்கள் கேள்வியிலேயே ஒன்று கிடக்கிறது, சங்கு. 'மூன்றாம் சங்கு' என்று வைத்துப் பாருங்கள். மில்லுக்குள் ஆள் கூப்பிடுவதும் சங்குதான், சாவு வீட்டில் ஊதுவதும் சங்குதான். மில் மூடி, பின்னிப்பேட்டையில் அந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்ட கதைக்கு இந்த இரண்டு சத்தமும் பொருந்தும், மூன்று என்பது தலைமுறையையும் தொட்டுக்கொள்கிறது. நாவலுக்குள் எங்கேயும் இதை விளக்கி எழுதிவிடாதீர்கள். ஒரே ஆபத்து, அட்டையில் வெண்சங்கு படம் போட்டுவிட்டால் ஆன்மிகப் புத்தக அடுக்குக்குப் போய்விடும். புகைபோக்கியைப் போடச் சொல்லுங்கள்.

என் யோசனை பிடிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, நீங்கள் எதை வைத்தாலும் ஒருவரிடம் போனில் ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு, மறுநாள் அவரையே கேளுங்கள். அல்சூர் தமிழ்ச் சங்கத்திலோ புத்தகக் கண்காட்சியிலோ வாசகர் வாயால்தான் கேட்கப்போகிறார், பாதி நினைவில் வைத்துக் கேட்டாலும் கடைக்காரருக்குப் புரிய வேண்டும். பழைய நாவலாசிரியர் ராஜம் ஐயர் காலத்தில் 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்று ஒரே நாவலுக்கு இரண்டு தலைப்பையும் வைத்துக்கொள்ள முடிந்தது, இன்று இருநூறு பக்கப் புத்தகத்தின் முதுகில் அவ்வளவுக்கு இடமில்லை. ஆன்லைன் கடைகளில் பலர் ஆங்கில எழுத்தில் தட்டித்தான் தேடுகிறார்கள் என்பதால், ழகரம் உள்ள தலைப்பை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். அப்புறம் ஒற்று. உள்ளே நூறு பிழை இருந்தால் மன்னிப்பார்கள், அட்டையில் 'க்' விட்டுப்போனால் விடமாட்டார்கள்.

அதே பெயர் இருக்கிறதா என்று பார்க்கப் பதிப்பகங்களின் விலைப்பட்டியல், ஆன்லைன் கடைகள், சென்னை ரோஜா முத்தையா நூலகப் பட்டியல் போதும். முப்பது வருஷத்துக்கு முந்தைய கவிதைத் தொகுப்பு என்றால் கவலைப்படாதீர்கள். போன வருஷம் வந்த நாவல் என்றால் மாற்றிவிடுங்கள்.

பதிப்பாளருக்கு அனுப்பும்போது தலைப்போடுதான் அனுப்ப வேண்டும், 'தலைப்பு பிறகு' என்று எழுதினால் நாவலே இன்னும் முடியவில்லை என்று நினைப்பார்கள். அவர் மாற்றச் சொன்னால் கேட்டுப் பாருங்கள், விற்கிறவருக்குத் தெரிகிற சில விஷயம் எழுதுகிறவருக்குத் தெரியாது. ஐ.எஸ்.பி.என். (புத்தகத்துக்கான அடையாள எண்) வாங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள், தலைப்பு மாறினால் புது எண் வாங்க வேண்டும். நீங்களே பதிப்பிப்பதாக இருந்தால் அந்த எண்ணைத் தருகிற, டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமையிடம் இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணமில்லை. பதிப்பகம் என்றால், இருவரும் சம்மதித்தால்தான் தலைப்பை மாற்றலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி கேட்டு வாங்குங்கள்; ஒப்பந்தமே இல்லாமல் வாய்ப்பேச்சில் போகிற இடமென்றால் ஒரு மின்னஞ்சலிலாவது அதை எழுதி அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.