டேங்க் தலைக்கு மேலே, தண்ணீர் மட்டும் மெஷினுக்குள் ஏறவில்லை: டிஷ்வாஷர் கேள்வி-பதில்

குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது, டிஷ்வாஷருக்குள் மட்டும் போக மாட்டேன் என்கிறது. இந்த வகைக் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம். எதில் கை வைக்கும் முன்பும் ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள், ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. மெஷினுக்குப் போகும் ஆங்கிள் வால்வையும் மூடுங்கள்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி, எங்களுக்கு மேலே மொட்டைமாடிதான். புது மெஷின். போட்ட சில நிமிடத்தில் குழாய்ப் படம் எரிந்து நின்றுவிடுகிறது. தரைத்தளத்து வீட்டில் இதே மாடல் ஒழுங்காக ஓடுகிறது. எங்களுக்கு வந்தது டிஃபெக்ட் பீஸா?

மெஷின் மேல் பழி போடாதீர்கள். டேங்குக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்குத்தான் தண்ணீரின் அழுத்தம் குறைவு. கணக்கு எளிது: 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சுமார் 1 பார் அழுத்தம். பெரும்பாலான டிஷ்வாஷர்கள் கேட்பது குறைந்தது 0.5 பார், அதாவது 5 மீட்டர் உயரம். உங்கள் டேங்க் மொட்டைமாடியில் ஒரு மீட்டர் மேடையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து சிங்க்குக்குக் கீழே இருக்கும் வால்வு வரை அளந்தால் மூன்றரை மீட்டர் தேறும், 0.35 பார்தான். தரைத்தளத்துக்காரருக்கு இன்னும் மூன்று மாடி உயரம் சேர்வதால் 1.2 பார் தாண்டிவிடும்.

போஷ், சீமென்ஸ் மெஷின்களில் குழாய்ப் படம் அல்லது ‘ஈ18’, எல்ஜியில் ‘ஐஈ’, சாம்சங்கில் ‘4சி’, எல்லாம் ஒரே புலம்பல்தான்: “எனக்குக் குறித்த நேரத்துக்குள் போதுமான தண்ணீர் வரவில்லை.” ஏதோ பாகம் கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஒரு வாளி போதும். இன்லெட் ஹோஸை மெஷின் பக்கம் கழற்றி வாளிக்குள் விட்டு வால்வை முழுக்கத் திறங்கள். 10 லிட்டர் நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தால் வரத்து போதாது. குழாய் முனையில் தீப்பெட்டியைவிடப் பெரிய பிளாஸ்டிக் டப்பா வைத்த ஹோஸ் என்றால் அதற்குள்ளேயே மின் வால்வு இருக்கலாம், கரண்ட் இல்லாமல் சொட்டுத் தண்ணீர் வராது. அந்த ஹோஸ் உங்களிடம் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு வால்வு வாயிலேயே அளந்துகொள்ளுங்கள். நீளம் போதவில்லை என்று அந்த ஹோஸை வெட்டி ஒட்டுவதும் வேண்டாம், உள்ளே மின் கம்பி ஓடுகிறது.

வாளி மெதுவாக நிரம்பினால், எங்கிருந்து லைன் எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆர்ஓ-வுக்குப் போட்ட கால் அங்குல டியூபில் இருந்து ‘டி’ போட்டு இழுத்திருந்தால் எந்த மாடியானாலும் மெஷின் திணறும். அரை அங்குல லைனிலிருந்து தனி வால்வு வைத்து, முக்கால் அங்குல மரையுள்ள ஹோஸ் நட்டை மாட்ட அடாப்டர் போட வேண்டும். அதெல்லாம் சரியாக இருந்தும் வரத்து குறைவென்றால் டேங்கிலிருந்து இறங்கும் பைப்பில் தானாக ஓடி நிற்கும் பிரஷர் பம்ப் வைப்பதுதான் தீர்வு. ஒரு வீட்டுக்கு அரை எச்பி தாராளம். டேங்க் மேடையை உயர்த்தலாமே என்பார்கள். குறைவது ஒன்றரை மீட்டர். 1,000 லிட்டர் டேங்க் நிறைந்தால் தண்ணீர் மட்டுமே ஒரு டன், அதை அத்தனை உயரத்தில் ஏற்ற இன்ஜினியர் பார்த்துச் சொல்ல வேண்டும். பம்ப் சுலபம்.

கேள்வி: இரண்டு வருடமாக நன்றாக ஓடியது. கோடையில் சம்ப் வற்றி லாரித் தண்ணீர் வாங்க ஆரம்பித்த பிறகு அடிக்கடி நின்றுவிடுகிறது.

அநேகமாக இன்லெட் வடிகட்டி. டேங்க் அடி வரை வற்றினால் அடியில் படிந்த சேறு, துரு எல்லாம் லைனில் இறங்கும். ஹோஸ் நட்டைக் கழற்றினால் மெஷினின் வால்வு வாயில் விரல்நுனி அளவு சின்ன வலைக் கிண்ணம் தெரியும். சில மாடல்களில் அது குழாய்ப் பக்கம் இருக்கும். நடுவில் துருத்தி நிற்கும் நுனியை மூக்கு நீண்ட பிளையரால் மெல்லப் பிடித்து நேராக இழுங்கள். செம்மண் குழம்பு என்றால் குழாயடியில் பழைய டூத்பிரஷ் போதும். வெள்ளையாகக் கல் போல் ஒட்டியிருந்தால் போர்வெல் உப்பு. ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் கரைத்து அரை மணி நேரம் ஊறப் போடுங்கள். ஊசியால் குத்தினால் வலை கிழியும்.

‘இந்த வலையே வேண்டாம், அதுதானே அடைக்கிறது’ என்று எடுத்துப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. மணல் போய் வால்வின் ரப்பர் சவ்வில் உட்கார்ந்துவிட்டால் வால்வு முழுக்க மூடாது. மெஷின் அணைந்திருக்கும்போதும் தண்ணீர் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும், காலையில் சமையலறை குளமாகும்.

திரும்ப மாட்டும் முன் ஹோஸை வாளிக்குள் விட்டு ஒரு நிமிடம் தண்ணீரை ஓட விடுங்கள். காலி டேங்க் நிரம்பிய பிறகு பைப்பில் ஏர் லாக் இருந்தால் அதுவும் இப்போதே போய்விடும். நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா பார்த்து, கையால் இறுக்கிப் பிறகு கால் சுற்று.

கேள்வி: ஓடும்போது கதவைத் திறந்து பார்த்தேன், அடியில் தண்ணீரே இல்லை. பாத்திரம் மட்டும் ஈரம்.

தண்ணீர் வருகிறது. இது வாஷிங் மெஷின் போல் தொட்டி நிறைய நிற்காது, ஒரு சுற்றுக்கு 3 முதல் 4 லிட்டர்தான், அதுவும் ஃபில்டருக்குக் கீழே உள்ள குழியில் கிடக்கும்.

கேள்வி: ‘ம்ம்’ என்று சத்தம் மட்டும் வருகிறது, தண்ணீர் இல்லை. வந்து பார்த்தவர் போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்.

மெஷின் முதலில் ஒரு நிமிடம் வரை பழைய தண்ணீரை வெளியே தள்ளும். அந்த மோட்டார் சத்தம் அடங்கிய பிறகு வருவதைக் கவனியுங்கள். இன்லெட் வால்வு இருக்கும் இடத்திலிருந்து மெல்லிய ரீங்காரம் வந்தால் போர்டு கரண்ட் கொடுக்கிறது என்று பொருள். பிரச்சினை தண்ணீரிலோ வடிகட்டியிலோ வால்விலோதான். ரீங்காரமே இல்லை என்றால்தான் வால்வுச் சுருள், ஒயர், போர்டு என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

சுருளை அளக்க, ப்ளக் பிடுங்கிய மெஷினில் வால்வின் இரண்டு ஒயரையும் கழற்றி மல்டிமீட்டரை வையுங்கள். 230 வோல்ட் வால்வுகள் பொதுவாக 3 முதல் 5 கிலோ ஓம் காட்டும். மீட்டர் அசையவே இல்லை என்றால் சுருள் அறுந்துவிட்டது. வால்வின் விலை போர்டு விலையில் ஒரு சிறு பங்கு. அதனால் அளந்து காட்டாமல் போர்டு மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

தண்ணீர் ஏறிய பிறகும் ‘தண்ணீர் இல்லை’ என்று மெஷின் அடம் பிடித்தால் கதை வேறு. உள்ளே வரும் தண்ணீரை எண்ணும் சின்னச் சக்கரம் ஒன்று பல மெஷின்களில் உண்டு. உப்புப் படிந்து அது சுற்றாமல் நின்றிருக்கலாம்.

கேள்வி: ‘ஈ15’ காட்டுகிறது. தண்ணீர் ஏறவில்லை, டிரெயின் மோட்டார் மட்டும் நிற்காமல் ஓடுகிறது.

மெஷினுக்கு அடியில் ஒரு தட்டு, அதில் ஒரு தெர்மாகோல் மிதவை. தட்டில் தண்ணீர் சேர்ந்து மிதவை எழும்பினால் ஸ்விட்ச் தட்டும், மெஷின் வரத்தை அடைத்துவிட்டு உள்ளே இருப்பதை வெளியே இறைக்கும். வீடு நனையாமல் இருக்கச் செய்த ஏற்பாடு.

டிஷ்வாஷர் பவுடர் தீர்ந்த நாளில் பாத்திரம் தேய்க்கும் லிக்விடை ஊற்றினீர்களா? நுரை பொங்கி வழிந்து தட்டில் இறங்குவது சகஜம். அப்படியென்றால் இரண்டு பேராக மெஷினை வெளியே இழுத்து, பின்பக்கமாக 45 டிகிரி வரை சாய்த்துத் தட்டை வடியுங்கள், பழைய துணிகளைத் தயாராக வையுங்கள். உள்ளே அரை டம்ளர் வினிகர் ஊற்றி நுரையை அடக்கி, பவுடர் போடாமல் வெறும் அலசல் இரண்டு முறை. நுரைக் கதை எதுவும் இல்லாமல், அல்லது வடித்த சில நாளிலேயே ‘ஈ15’ திரும்பினால் உள்ளே எங்கோ ஒழுகுகிறது. மறுபடி மறுபடி சாய்த்து ஓட்டாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: தண்ணீர் ஏறும் சத்தம் நிற்கவே மாட்டேன் என்கிறது, கடைசியில் எரர். டிரெயின் பைப்பைப் பின்கட்டில் தரைச் சல்லடைக்குள் விட்டிருக்கிறோம்.

விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பைப் முனை தரையில் கிடந்தால் சைஃபன் மாதிரி, ஏறுகிற தண்ணீரெல்லாம் தானாகவே இறங்கிப் போகும். தண்ணீர் ஏறும் நேரத்தில் சல்லடையைப் போய்ப் பாருங்கள், நூல் போல ஓடிக்கொண்டிருக்கும். பைப்பை மெஷினுக்குப் பின்னால் சிங்க் மட்டத்துக்குத் தூக்கி வளைத்துக் கட்டிவிட்டுப் பிறகு கீழே இறக்குங்கள். வளைவு தரையிலிருந்து 40 செ.மீ.க்குக் குறையாமலும் ஒரு மீட்டருக்கு மிகாமலும் இருக்கட்டும். முனையைச் சாக்கடைப் பைப்புக்குள் இறுக்கி அடைக்காதீர்கள், காற்றுப் போக இடம் வேண்டும்.

கேள்வி: லைனில் தண்ணீர் இல்லாத நாளில் வாளியில் மொண்டு ஊற்றி ஓட்டலாமா?

சக்கரம் வைத்து எண்ணும் மெஷின் நீங்கள் ஊற்றியதைக் கணக்கில் சேர்க்காது. அழுத்தத்தை வைத்து மட்டம் பார்க்கும் மெஷின் ஏற்றுக்கொள்ளும். ஆனாலும் ஒரு முழு ஓட்டத்துக்குத் தண்ணீரை மூன்று நான்கு முறை மாற்றும், ஒவ்வொரு முறையும் நீங்கள் பக்கத்தில் காவல் நிற்க வேண்டும். அதற்குக் கையாலேயே தேய்த்துவிடலாம். சோதித்துப் பார்க்க மட்டும் இது உதவும்: முதல் டிரெயின் சத்தம் அடங்கியதும் கதவைத் திறந்து 3 லிட்டர் ஊற்றி மூடுங்கள். சிறிது நேரத்தில் மேலே தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டால் கழுவும் மோட்டார் நலம், வரத்துப் பக்கம் மட்டும் பார்த்தால் போதும்.